ஒரு நாள் எண்ணெய்

மகன் ஸ்பொன்சர் செய்து 2016 இல் நான் ரொறன்ரோ வந்தேன். வந்து சில மாதங்களில் பாதர்ஸ்ற் வீதிப் பக்கமாக ஒரு குசினியில் வேலை கிடைத்தது. யூத மக்களின் கலியாணங்களுக்கும் விழாக்களுக்கும் சாப்பாடு செய்து கொடுக்கும் இடம் அது. அங்கு பல வருடங்களாக வேலை செய்த பருத்தித்துறை அக்கா ஒருவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார்.

அங்கே சட்டதிட்டங்கள் அதிகம். இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு வேறு பாத்திரம். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் புள்ளி இல்லை என்று பார்த்த பிறகுதான் சேர்க்கலாம். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்றிருந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் பெரிய புதினமாகத் தெரியவில்லை.

ஹனுக்கா நெருங்கினால் குசினி கலியாண வீடு மாதிரி. அது எட்டு இரவுப் பண்டிகை. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு வந்து இறங்கும். தோல் சீவித் துருவி, துணியில் போட்டு இறுக்கிப் பிழிவோம். வெங்காயம், முட்டை, உப்பு, கொஞ்சம் மா சேர்த்துத் தட்டையாக எண்ணெயில் பொரிப்போம். லற்கே என்பார்கள். யாம் வைத்த டோனற்றும் பொரிப்போம். எல்லாமே எண்ணெய்ப் பலகாரம்தான்.

அந்த முதல் வருடம், ஒரு நாள் விடிய வேளைக்கே போனேன். கெட்டிக்காரி என்று பெயர் எடுக்கும் ஆசையில் எண்ணெயை விட்டு அடுப்பை மூட்டினேன். அவர்களின் சமய முறைப்படி சமையல் நடக்கிறதா என்று மேற்பார்க்கும் பெரியவர் உள்ளே வந்தார். கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார். ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினால் உடம்பு நடுங்குவது எங்களுக்குச் சோதனைச் சாவடிகளில் பழகியது. எனக்கு ஆங்கிலமும் காணாது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பிள்ளை, அடுப்பை நீயே மூட்டினனி?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, நேரம் போகுது எண்டு..."

"இஞ்ச நெருப்பு மூட்டுறது அவற்றை வேலை. யூதர் ஒராள் மூட்டினால்தான் அந்தச் சாப்பாடு அவைக்கு ஆகும். பயப்பிடாதை, இன்னும் ஒண்டும் பொரிக்கேல்லைத்தானே."

பெரியவர் அடுப்பை அணைத்துவிட்டுத் தானே திரும்ப மூட்டினார். என் கை நடுங்குவதைக் கண்டு, ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

மத்தியானம், இந்தப் பண்டிகைக்கு ஏன் இவ்வளவு எண்ணெய் என்று அக்காவைக் கொண்டு அவரிடம் கேட்பித்தேன். கி.மு. 164 இல், அந்நிய அரசனிடமிருந்து ஜெருசலேம் ஆலயத்தை யூதர்கள் மீட்டார்கள். விளக்கேற்றத் தூய எண்ணெய் ஒரு நாளுக்கு மட்டுமே இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்ததாம்.

எனக்கு யாம் போத்தல் விளக்கு நினைவுக்கு வந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் நெருப்பு விலை. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் ஏற்றுவோம். அந்த வெளிச்சத்தில்தான் மகன் படித்தான். எங்கள் எண்ணெய் தானாக நீளவில்லை. நாங்கள்தான் திரியை மெலிதாக்கி நீட்டினோம்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ஹனுக்கா விளக்கு எரியும்போது அரை மணி நேரமாவது பெண்கள் வீட்டு வேலை செய்யாமல் இருப்பது வழக்கமாம். அந்த அற்புதத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதால்தானாம்.

அந்த வருடக் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் விளக்கு வைத்துவிட்டு, வழமைபோல் குசினிக்குள் ஓடாமல் அப்படியே இருந்தேன். 1995 இல் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனோம். 2009 இல் அவரை இழந்தேன். பிள்ளை, முகாம், வேலை என்று ஓடிய ஓட்டத்தில் ஆறுதலாக இருந்து அழக்கூட நேரம் வரவில்லை. அன்று அழுதேன். திரி எரிந்து முடியும் மட்டும் இருந்தேன். மனம் கொஞ்சம் லேசானது.

சகோதரிகளே, அடுத்த முறை விளக்கேற்றியதும் உடனே எழும்பி ஓடாதீர்கள். அது எரியும் நேரம் மட்டுமாவது உங்கள் கைகளும் சும்மா இருக்கட்டும்.