வெயிலுக்காக அடித்த பெயின்ட்

நான் விற்ற பாய்மரம் ஒன்று சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நடுக்கடலில் முறிந்தது. அதன் உள்காயம் எனக்குத் தெரியும். மறைத்துத்தான் விற்றேன்.

அது கார்பன் ஃபைபர் மரம். இருவர் ஓட்டும் பந்தயப் படகில் நின்றது. அதே உயர அலுமினிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடைதான். மேலே கனம் குறைந்தால் காற்றில் படகு நிமிர்ந்து ஓடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்மூர் கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய ஃபார்ட்டிநைனர் வகைகூட 2009-இல் கார்பனுக்கு மாறியது. வளைந்து வளைந்து நிமிர்ந்தாலும் கார்பன் லேசில் தளராது. அடிபட்டால்தான் வினை. அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பனில் வெளியே ஒரு கீறல்தான் தெரியும்; உள்ளே பிசின் போட்டு ஒட்டிய அடுக்குகள் பிரிந்து கிடக்கும்.

ஸ்டாண்டில் நான் சரியாகக் கட்டாததால் மரம் உருண்டு கருங்கல் விளிம்பில் விழுந்தது. அது யாருக்கும் நடக்கக்கூடியது. ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் ‘ணங்’ என்றது. அடிபட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சத்தம் செத்துக் கிடந்தது. அல்ட்ராசவுண்டில் சோதித்து, கெட்ட அடுக்குகளைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, புதிய கார்பன் துணியை எபாக்ஸியில் பதித்து இறுக்கியிருந்தால் பலம் பெரும்பாலும் திரும்பியிருக்கும். செலவைக் கேட்டதும் மனம் மாறியது. எப்படியும் விற்கத்தானே போகிறோம் என்று உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, மரம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்தேன்.

கேட்டவர்களிடம் வெயிலுக்காக என்றேன். புறஊதாக் கதிர் எபாக்ஸியை அரிக்கும், பெயின்ட்தான் அதற்குக் காப்பு, வெள்ளை நிறம் சூட்டையும் குறைக்கும் என்பதெல்லாம் உண்மை. இவ்வளவு யோக்கியமான சாக்கு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

வாங்க வந்தவன் இளைஞன். “சார், இது எப்பவாவது கீழ விழுந்திருக்கா?” என்று நேராகவே கேட்டான்.

“கார்பன் தம்பி, துருவே பிடிக்காது” என்றேன்.

கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. அவன் யோசிப்பதற்குள் பாடம் நடத்த ஆரம்பித்தேன்: கார்பன் துருப்பிடிக்காது, ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் தன்னைத் தொட்டிருக்கும் அலுமினியத்தை அரித்துவிடும்; உறுப்புகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பார்; நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வை; கண்ட இடத்தில் துளை போடாதே; பாய் ஏற்றும் கயிறு உரசும் இடத்தைக் கவனி; ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவு. அத்தனையும் சரியான அறிவுரை. போனில் குறித்துக்கொண்டான். மறுபடி கேட்கவில்லை.

முறிந்த அன்று பெரிய காற்றுகூட இல்லை. மரத்தைத் தாங்கும் கம்பிகளை இறுக்க இறுக்க, அந்த இழுவை மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். பிரிந்த அடுக்குகள் அந்த அழுத்தத்தில் மடங்கிவிடும். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் ஒரே வெடிச்சத்தத்தோடு போய்விடும். துணைப்படகு அருகில் இருந்ததால் இருவருக்கும் காயமில்லை.

அன்று மாலை போன் செய்தான். “சார், நான்தான் கம்பியை ரொம்ப இறுக்கிட்டேன்போல.”

“இருக்கலாம்” என்றேன்.

மரத்தை விற்றதைவிட இதுதான் கேவலம். காசுக்காக மறைத்தேன் என்று அதற்காவது ஒரு காரணம் சொல்லலாம். இதில் காசே இல்லை. என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக ஒரு சின்னப் பையன் தலையில் பழியை ஏற்றினேன். பிறகு உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். மன்னித்ததாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

பழைய கார்பன் மரம் வாங்குகிறவர்கள், விற்பவர் எவ்வளவு விவரமாகப் பேசினாலும், அடி முதல் நுனி வரை நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். புது பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். வெயிலுக்காக என்றால், பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.