கோயிலின் மேலே ஒரு தொப்பிக்காரர்

ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் அரை மணி நேரம் காரில் போனால் கெல்லிஸ் காசல் வந்துவிடும். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம்.

ஆனால் மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கட்டுமானம் நடந்த காலத்தில் கொள்ளைநோய் பரவித் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் ஆத்தாளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார். அதன் மேலே, தெய்வச் சிலைகளுக்கு நடுவே, கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் நிற்கிறார். துரைக்கு நம் ஆட்கள் காட்டிய நன்றி என்பார்கள். துரையின் பெயர் மாளிகைக்கே இருக்கிறது. செங்கல் சுமந்தவர்கள், பால்மரம் சீவியவர்கள், நோயில் போனவர்கள்? அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடிவதில்லை.

அந்தச் சாலையில் காரில் நான் கேட்டுக்கொண்டு போவது பெரும்பாலும் சோல் பாட்டுகள். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர்கள், தேவாலயத்தில் பாடிய அதே முறையில் காதலையும் கண்ணீரையும் பாடினார்கள். 1950களில் அப்படிப் பிறந்த இசை இது. ரே சார்ல்ஸ், அரேத்தா ஃபிராங்க்ளின் என்று தொடங்கிய வரிசையில் வெள்ளையர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்று அடெல் வரை பாடுகிறார்கள்.

1964இல் ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள் பாடிய பாட்டைக் கறுப்பினத்தவரின் வானொலிகளே விரும்பி ஒலிபரப்பின. வானொலியில் குரலுக்கு முகம் கிடையாதே! இந்த வகைக்கு ‘நீலக்கண் சோல்’ என்று பெயர் வைத்தவரும் எங்கள் தொழில்காரர்தான். ஃபிலடெல்பியாவின் கறுப்பின அறிவிப்பாளர் ஜார்ஜி வுட்ஸ் என்பார்கள்.

ஒருவருடைய வலியை இன்னொருவர் பாடலாமா? பாடலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் பாட்டு போன இடத்துக்கெல்லாம், அதை முதலில் பாடியவரின் பெயரும் போனதா என்று கேட்க வேண்டும்.

‘பீஸ் ஆஃப் மை ஹார்ட்’ பாட்டை 1967இல் முதலில் பாடியவர் எர்மா ஃபிராங்க்ளின், அரேத்தாவின் அக்கா. மறு ஆண்டே ஜானிஸ் ஜாப்ளின் தம் குழுவோடு அதைப் பாடினார். இன்று அந்தப் பாட்டு என்றாலே பலருக்கு ஜானிஸ்தான் நினைவுக்கு வருகிறார்.

அதே ஜானிஸ் இன்னொரு காரியமும் செய்தார். புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937இல் கார் விபத்தில் இறந்தவர். 33 ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. 1970 ஆகஸ்டில் ஜானிஸும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீனும் சேர்ந்து பணம் போட்டுக் கல் வைத்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஜானிஸும் போய்ச் சேர்ந்தார்.

இரவல் இசை நமக்கும் புதிதல்ல. ஈப்போவின் நட்சத்திரா குழுவினர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் யோகி பி-யோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த ராப், இளையராஜாவின் ‘மடை திறந்து’ மெட்டு, நம்மூர்த் தமிழ் மூன்றும் அதில் கலந்தன. தமிழ்நாட்டு இளைஞர்களும் கேட்டு ஆடினார்கள். இன்றும் அந்தப் பாட்டை ஒலியேற்றும்போது இளையராஜா பெயரையும் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

பேராக் தோட்டங்களிலும் பாட்டு இருந்தது. லயத்து வாசலில் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, திருவிழாவில் உறுமி. அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பாடிய பாட்டிகள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். நாளை யாரோ ஒருவர், எந்த நாட்டவரோ, அந்த மெட்டை எடுத்து அழகாகப் பாடலாம். பாடட்டும். ஆனால் பாடியவர் யார் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற ஒரே சொல்லில் நம் பாட்டிகள் எல்லாரும் அடங்கிப்போவார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியை எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தோட்டத்தின் பெயர், அந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டார் என்ற விவரம். அதற்கப்புறம் பாடட்டும்.