பூனையின் வாய்

பூனை வாய் வைத்த தண்ணீரில் வுழூச் செய்யலாமா என்ற கேள்விக்கு, மத்ரஸாவில் ஓதிய காலத்திலேயே எங்களுக்கு விடை தெரியும். அபூ கதாதா (ரழி) அவர்களின் வுழூத் தண்ணீரை நோக்கி ஒரு பூனை வந்தது. அது குடித்து முடியும்வரை அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். வியந்து பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபியவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார். சட்டத்தை நான் பாடமாக்கிக்கொண்டேன். அந்த வாய்க்குள் ஒருநாளாவது பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை.

எங்கள் வீட்டுச் சாம்பலிக்கு அப்போது ஒன்பது வயது. உம்மா சூடை மீன் ஆயக் குந்தினால் முன்னால் வந்து நிற்கும். அது திடீரென்று தட்டருகே வந்து, மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகத் தொடங்கியது. சில வேளை தலையை ஒரு பக்கம் சரித்து மெல்லும். பாதியில் துண்டு கீழே விழும். "கொழுப்புக் கூடிப் போச்சு இதுக்கு" என்று ஏசினேன். ஒருநாள் தட்டைக் காலால் தள்ளியும் விட்டேன். அதன் வாயிலிருந்து வந்த நாற்றத்தை மீன் நாற்றமென்றே நினைத்திருந்தேன்.

உம்மாதான் கண்டுகொண்டார்.

"கொழுப்பில்ல மகன். வாயால வீணி வடியுது பாரு. மேலயும் நக்குதில்ல. என்னவோ நோவு."

"அரைப் பனடோல் கரைச்சிக் குடுப்பமா உம்மா?"

நல்ல வேளை, முதலில் மிருக வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டேன். பதறிப் போனார். பரசிட்டமோலைச் சிதைத்து வெளியேற்றும் வலு பூனையின் ஈரலுக்குப் போதாது. அது செங்குழியங்களைக் கெடுத்து, ஒட்சிசனைக் காவ முடியாமல் செய்துவிடும். அரைக் குளிசையே உயிரைக் குடித்துவிடலாம் என்றார்.

மறுநாள் மேசையில் வைத்து அதன் உதட்டை உயர்த்திக் காட்டினார். முரசு இரத்தச் சிவப்பாக வீங்கிக் கிடந்தது. கடைவாய்ப் பற்களில் மஞ்சளும் கபிலமுமாகக் காரை. பல்லில் படியும் பற்றீரியாப் படலத்தைத் துடைக்காமல் விட்டால் சில நாட்களிலேயே அது கல்லாக இறுகும், முரசு அழலும். அந்தக் கட்டத்தில் கவனித்தால் குணமாக்கிவிடலாம். முரசுக்குக் கீழே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கத் தொடங்கினால் இழந்தது இழந்ததுதான்.

"நாலு வயதைத் தாண்டிய பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏதாவதொரு பல் நோய் இருக்கும். ஆனால் பூனை நோவைக் காட்டிக்கொள்ளாது. வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மயக்க மருந்து கொடுத்துக் காரையை அகற்றி, முப்பது பற்களில் ஏழைப் பிடுங்கினார்கள். பத்தாம் நாள் சாம்பலி ஒரு சூடை மீனைத் தலையோடு தின்று முடித்தது. இப்போது தினமும் உம்மா அதை மடியில் பிடித்துக்கொள்ள, விரலில் துணி சுற்றிப் பூனைக்கென்றே உள்ள பற்பசையைத் தடவித் தேய்க்கிறேன். நாம் பாவிக்கும் பற்பசை ஆகாது. பூனைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும்.

மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி மேடைகளில் பேசியவன் நான். ஐவேளையும் என் வாயைக் கொப்பளித்தவன். என் காலடியில் ஒரு ஜீவன் வாய் நிறைய நோவோடு மாதக்கணக்காகச் சுற்றி வந்தது எனக்குத் தெரியவில்லை. பூனை குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்தவரின் செய்தியை ஓதிவிட்டுத்தான், அதன் தட்டைக் காலால் தள்ளினேன்.

உம்மா சோறு வைத்தால் சாம்பலி ஓடி வருகிறது. நான் வைத்தால், தட்டை விட்டு என் கால் விலகும்வரை சற்றுத் தள்ளியே நிற்கிறது.