எஸ்-400: மிரட்டினால் என்ன செய்வது?

ஒரு நாடு தன் வானத்தைப் பாதுகாக்க ஏவுகணை எதிர்ப்பு சாதனம் வாங்க நினைக்கிறது. அதற்கு வேறொரு பெரிய நாடு மிரட்டல் விடுகிறது. ஐரோப்பாவில் இப்படி மிரட்டியது ரஷ்யா. இந்தியாவை மிரட்டியதோ அமெரிக்கா!

2018 அக்டோபர் 5 அன்று, புதின் தில்லி வந்திருந்தபோது, ஐந்து எஸ்-400 தொகுதிகள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை சுமார் 543 கோடி டாலர். ரஷ்யாவிடம் பெரிய அளவில் ஆயுதம் வாங்குவோர் மீது தடை விதிக்க வழிசெய்யும் 'காட்சா' சட்டத்தை அமெரிக்கா அதற்கு முந்தைய ஆண்டே கொண்டுவந்துவிட்டது. இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. 2018 செப்டம்பரில் சீனா மீது அந்தத் தடை பாய்ந்தது. துருக்கி 2019-ல் எப்-35 விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது, 2020 டிசம்பரில் தடையும் வந்தது. நேட்டோ உறுப்பினருக்கே இந்தக் கதி.

ஆனால் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எஸ்-400 வந்து இறங்கத் தொடங்கியபோது தடை வரவில்லை. சீனாவைச் சமாளிக்க அமெரிக்காவுக்கு இந்தியா தேவை என்பது எல்லோரும் சொல்லும் காரணம், அது சரியும்கூட. இன்னொரு காரணம் வியாபாரம். அரக்கோணம் கடற்படைத் தளத்தில் நிற்கும் பி-8ஐ விமானங்கள் அமெரிக்காவில் வாங்கியவை. சி-17, அப்பாச்சி, சினூக் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். இப்படிப்பட்ட வாடிக்கையாளரைத் தண்டித்தால் கடைக்காரருக்கும் நஷ்டம். இந்தியா மேடை போட்டுச் சண்டைக்குப் போகவில்லை, ஒப்பந்தத்தைக் கைவிடவும் இல்லை. ஆங்கிலேயரோடு நட்பாக இருந்துகொண்டே சொந்தமாக அம்மன் காசு வைத்திருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் புரியாமல் போகாது.

எப்போதும் இப்படி நடந்துவிடவில்லை. கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்துக்காக 1991-ல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. 1992-ல் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா பணிந்தது. எஞ்சின் மட்டும் தருகிறோம், தொழில்நுட்பம் கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, உள்நாட்டு எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5-ல்தான். அமெரிக்கா மிரட்டியது பாதிக் கதை. விற்றவர் கைவிரித்தது மீதிக் கதை.

எஸ்-400-லும் அந்த மீதிக் கதை உண்டு. மூன்று தொகுதிகள் வந்த பிறகு, உக்ரைன் போரால் மற்ற இரண்டும் ஒப்பந்தத் தேதியைத் தாண்டித் தள்ளிப்போயின. அமெரிக்காவுக்குப் பணியாமல் வாங்கியது சரி. ஆனால் ஒரே கடையை நம்பியிருப்பதும் ஒருவகைப் பணிதல்தானே?

இதே கண்ணோடு ஐரோப்பாவைப் பார்க்கலாம். போலந்தில் எதிர்ப்பு ஏவுகணைகளை நிறுத்த 2008-ல் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. அப்படிச் செய்தால் கலினின்கிராடில் இஸ்கந்தர் ஏவுகணைகளை நிறுத்துவோம் என்று அந்த நவம்பரில் மெத்வதேவ் அறிவித்தார். ரேடாரின் வீச்சு, ஏவுகணைகளின் எண்ணிக்கை பற்றி ரஷ்யாவுக்குச் சந்தேகம் இருந்தால் உட்கார்ந்து பேசலாம், கணக்கைக் காட்டலாம். போலந்து தன் மண்ணில் எதை வைக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமையை மாஸ்கோவிடம் கொடுக்க முடியாது. இவை இரண்டும் வேறு வேறு. 2009 செப்டம்பரில் ஒபாமா அந்தத் திட்டத்தைக் கைவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார். இஸ்கந்தர் பிற்பாடு கலினின்கிராடுக்கு வரத்தான் செய்தது. போலந்தின் ரெட்ஸிகோவோ தளம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது, முதல் ஒப்பந்தம் போட்டுப் பதினாறு வருடம் கழித்து.