மீனுக்கும் வீடு வேணாமா, தம்பி?

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கரூர் ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏறினால், தயவுசெய்து வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். குடமுருட்டிப் பாலம் தாண்டினால் காவிரி கூடவே வருவாள். சில இடங்களில் ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே வெறும் கரைதான். டிரைவர் பலமாகத் தும்மினால் நமக்குக் காவிரி ஸ்நானம்!

முக்கொம்பில் இறங்கினேன். காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் ரங்கநாதருக்கு ஒரு தீவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். வடக்கே பிரியும் கொள்ளிடம், வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி. வெள்ளம் வந்தால் சுமை பூராவும் அதன் தலையில்தான்.

1836-ல் ஆர்தர் காட்டன் கட்ட ஆரம்பித்த மேலணை இது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே மாதம், ஸ்ரீரங்கம் தீவைச் சென்னை ரோட்டோடு இணைத்த 1928-ம் வருஷத்துக் கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. நல்லவேளை, பக்கத்தில் புதுப் பாலம் வந்திருந்தது. 2024 ஆகஸ்டில் அதைக் காக்கக் கட்டிய தடுப்புச் சுவரிலேயே ஒரு பகுதி போச்சு!

என்ன சங்கதி? மணலை அள்ள அள்ள ஆற்றின் தரை கீழே இறங்கும். தூணையும் சுவரையும் முட்டும் தண்ணீர் சுழன்று அடி மண்ணைத் தோண்டும். சுவரை எவ்வளவு உயரம் கட்டினால் என்ன, அரிப்பு அடியில் அல்லவா?

கரையோரம் ஒரு பெரியவர் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியவரே, அந்த கான்கிரீட் சுவர் பக்கம் வீசலாமே?"

"அங்க என்ன தம்பி இருக்கு? வழவழன்னு சுவரு. மீனுக்கும் வீடு வேணாமா? கோரையும் வேரும் இருந்தாத்தான் கெண்டை, கெளுத்தி ஒதுங்கும்."

எஞ்சினீயர்கள் கவனிக்க! வழவழச் சுவரில் தண்ணீர் வேகம் குறையாமல் ஓடும். சொரசொரப்பாக ஏதாவது குறுக்கே இருந்தால் தயங்கும். அமெரிக்காவில் ஹோ நதி 101-ம் நம்பர் நெடுஞ்சாலையை அரித்தபோது, 2004-ல் பெரிய பெரிய மரங்களை ஆற்றுக்குள் அடுக்கி நிறுத்தினார்கள். நீரோட்டம் முட்டிக்கொண்டு கரையை விட்டு விலகியது. மரங்களுக்குப் பின்னால் அமைதியான மடுக்களில் சால்மன் மீன்கள் குடியேறின. ஒரே செலவு, இரண்டு வேலை!

கொள்ளிடத்துப் பாலத் தூணைப் புல் காப்பாற்றாதுதான். அங்கே கல்லும் கான்கிரீட்டும் வேண்டும். ஆனால் கரூர் ரோட்டுக் கரைக்கு, அடியில் இடைவெளி விட்டுப் பெருங்கல், மேலே நாணல், வெட்டிவேர் என்று கலந்து போடலாமே? மண்ணரிப்பைத் தடுக்க வெட்டிவேரைப் பல நாடுகளில் நடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே நம் தமிழ்தான். நாம்தான் அதைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

மணலையும் விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் ஆடிக்கு ஆடி வெள்ளம், ஆவணிக்கு ஆவணி டெண்டர்!