ஒரே அட்வான்ஸ், இரண்டு பாடங்கள்!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கரும்புத் தோட்டம், மணிலாக் கொல்லை, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி என்று பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். குழந்தைகளின் உரிமைக்கும் பொருளின் விலைக்கும் என்ன தொடர்பு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, இந்தச் சாலையின் இரண்டு முனைகளே போதும்.

முதல் பாடம் விழுப்புரம் பக்கம். அய்யங்கோவில்பட்டு போன்ற ஊர்களில் மண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மைகள் செய்கிறார்கள். பொம்மைகள் விற்பது நவராத்திரியை ஒட்டித்தான். ஆனால், மண்ணுக்கும் வண்ணத்துக்கும் பல மாதங்களுக்கு முன்பே பணம் வேண்டும். கையில் பணம் இல்லாதவர் கடன் வாங்குவார். வட்டி ஏறினால், வீட்டில் முதலில் அடிவாங்குவது பிள்ளையின் படிப்புதான்.

இந்த இடத்தில்தான் 'நியாய வணிகம்' வருகிறது. உலக நியாய வணிக அமைப்புக்குப் பத்துக் கொள்கைகள் உண்டு. குழந்தைத் தொழிலாளர் கூடாது என்பது அவற்றில் ஒன்று. செய்தவருக்கு நியாயமான விலை தர வேண்டும் என்பது இன்னொன்று. கைவினைப் பொருள்களை ஆர்டர் கொடுத்து வாங்குபவர், செய்பவர் கேட்டால் பாதித் தொகையையாவது வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்த அட்வான்ஸ், செய்பவரைக் கடன்காரரிடம் போகாமல் காக்கிறது.

இரண்டாவது பாடம் திண்டிவனத்தில். இந்த வட்டாரத்து இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குச் செங்கல் சூளைதான் பிழைப்பு. அங்கேயும் அட்வான்ஸ் உண்டு. ஆனால், அது ஆளைக் கட்டிப்போடும் அட்வான்ஸ். வாங்கிய பணம் தீரும்வரை சூளையைவிட்டு நகர முடியாது. கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அப்பா அறுத்த கல்லைப் பிள்ளை புரட்டிக் காயவைத்தால், நாளின் முடிவில் எண்ணிக்கை கூடும். கணக்கு நோட்டில் பிள்ளையின் பெயர் இருக்காது. கல்லின் எண்ணிக்கையில் அதன் உழைப்பு மட்டும் இருக்கும்.

தை பிறந்ததும் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். ஆண்டுத் தேர்வு வரும் நேரமும் அதுதான். குடும்பத்தோடு கிளம்பும் பிள்ளையின் இடம் வகுப்பில் காலியாகிவிடும்.

கொத்தடிமை முறையை 1976-ம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கொத்தடிமைக் கடனும் செல்லாது என்றது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஆனால், சட்டம் ஏட்டிலிருந்து வாசல்வரை வர யாராவது நடக்க வேண்டியிருக்கிறது. திண்டிவனத்தில் அப்படி நடந்தவர் பேராசிரியர் பிரபா கல்விமணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக அந்த மக்களின் உரிமைக்காகப் போராடியவர். இங்குள்ள ரோசணை தாய்த்தமிழ்ப் பள்ளியும் அவரது முயற்சிதான்.

வட இந்தியக் கம்பளத் தறிகளில் குழந்தைகள் வதைபட்டபோது, கைலாஷ் சத்யார்த்தி முன்னெடுத்த 'ரக்மார்க்' முத்திரை 1994-ல் வந்தது. இன்று அதன் பெயர் 'குட்வீவ்'. குழந்தை உழைப்பு இல்லாத கம்பளம் எது என்று வாங்குபவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வீடு கட்டச் செங்கல் வாங்குபவரோ முத்திரை எதையும் தேடுவதில்லை. லோடு என்ன விலை என்று மட்டுமே கேட்கிறார்.

ஆசிரியர்கள் இதை ஒரு கணக்காகவே நடத்தலாம். ஒரு பொம்மை கடையில் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளட்டும். கடை வாடகை, வண்டிச் சத்தம், வியாபாரியின் லாபம், மண், வண்ணம் எல்லாவற்றையும் பிள்ளைகளே கழிக்கட்டும். செய்தவர் கையில் என்ன மிச்சம்? அதில் ஒரு குடும்பம் சாப்பிட்டு, பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்ப முடியுமா? முடியாது என்று விடை வந்தால், அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

கூடவே 1098 என்ற எண்ணையும் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். குழந்தைகள் உதவி எண் அது. தை மாதத்துக்குப் பிறகு பக்கத்து இடம் காலியாக இருந்தால், அதை முதலில் கவனிப்பது வகுப்புத் தோழர்கள்தானே!