நங்கூரக் கயிறு

மூதூர்க் கரையில் இன்று பாய் விரித்து ஓடும் தோணியைக் காண்பது அரிது. எல்லாம் பைபர் போட்டும் இயந்திரமுமாகிவிட்டன. என் வீட்டு வேலிக்கு வெளியே கவிழ்த்து வைத்திருக்கும் இருபத்திரண்டு அடி மரத் தோணியைப் பார்த்து, "சேர், இத விறகுக்குக் குடுக்கல்லியா?" என்று கேட்காத மாணவன் இல்லை. வாப்பா விட்டுச் சென்ற தோணி அது. அவருடைய காலத்துப் பருத்திப் பாய் கிழிந்து போய்விட்டது. இப்போதிருப்பது படங்குத் துணியில் நானே தைத்தது. பாடசாலை விடுமுறை நாட்களில் மட்டும் அதைக் கடலில் இறக்குகிறேன். மீன் பிடிப்பதற்கல்ல. சும்மா போய் நங்கூரம் போட்டுக் கிடப்பதற்கு.

அதற்கென்று ஓர் இடம் உண்டு. மூதூருக்கும் மகாவலி கடலில் விழும் முகத்துவாரத்துக்கும் நடுவில் கரை சற்றே உள்வாங்கிய ஒரு வளைவு. இரண்டு பாகம் தண்ணீர். அடியில் சேறும் மணலும் கலந்து கிடப்பதால் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்த கங்கை கொட்டியாரக் குடாவில் கலந்து ஓய்ந்துவிடும். வாடை மாதங்களில் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து வருவதால், அந்த வளைவுக்குள் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றியது போலக் கிடக்கும். வடக்கே கோணேசர் மலை நீலமாகத் தெரியும். வாப்பா என்னைச் சிறுவனாக இருந்தபோது கூட்டிப்போய்க் காட்டிய இடம்.

2024 ஆகஸ்ட் விடுமுறையில் கந்தளாயிலிருந்து ராத்தா வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். மச்சான், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், எல்லோரும். மூன்று நாள் தங்குவார்களாம். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் இருந்தேன். 2005இல் ஊரை விட்டுப் போன ராத்தா அதற்குப் பின் எங்கள் வீட்டில் ஓர் இரவும் தங்கியதில்லை. 2015இல் வாப்பா மௌத்தான அன்றும் ஜனாஸா எடுத்த கையோடு பஸ் ஏறிவிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ராத்தாவின் சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. கடல் எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் நாள்தான் தந்தது. எங்கள் தோணியோ அரை மைல் உள்ளே, ஒரு தென்னையில் சாய்ந்தபடி, ஒரேயொரு பலகை மட்டும் பிளந்து கிடந்தது. ஒரு மாதம் கழித்து வாப்பா அந்தப் பலகையை மாற்றிக் கலப்பத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படலையில் நின்று அதைப் பார்த்த ராத்தா, "புள்ளய எடுத்த கடல் உங்களுக்குத் தோணியத் திருப்பித் தந்திருக்கு வாப்பா" என்று மட்டும் சொன்னார். வாப்பாவின் கையிலிருந்த கொட்டாப்புளி அப்படியே நின்றது. அந்த வருடமே மச்சானின் ஊரான கந்தளாய்க்குப் போய்விட்டார்கள்.

கடலில்லாத ஊர் என்றுதான் போனார். ஆனால் அங்கேயும் ஒரு பெரிய குளம். 1986 ஏப்ரலில் அதன் கட்டு உடைந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீருக்குப் பயந்து இந்தத் தீவில் எங்கே போய் ஒளிவது?

2006 ஆகஸ்டில் சண்டை மூதூருக்குள் வந்தபோது, நாங்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்குத்தான் நடந்தோம். ராத்தாவின் இரண்டறை வீட்டில் இருபத்தாறு பேர் கிடந்தோம். எங்களுக்குப் பாய் விரித்துத் தந்துவிட்டு அவர் குசினியில் படுத்தார். வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், பேசமாட்டார். செப்டெம்பரில் ஊர் திரும்பும்போது வழிச்சோறும் கட்டித் தந்தார். அந்தக் கடன் என்னிடம் கிடந்தது. விருந்தாளியாக ராத்தா என் வீட்டுக்கு வரவேண்டும் என்று நான் பதினெட்டு வருடம் காத்திருந்தேன்.

வந்த அன்றே பிள்ளைகள் தோணியைக் கண்டுவிட்டார்கள். ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும். நான் வாத்தியார் என்பதால் என்னைச் "சேர் அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். "சேர் அப்பா, இது ஓடுமா?" என்று மூத்தவள் கேட்டாள். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "புள்ளைகளுக்கு மிதக்கிற உடுப்பு இருக்கா?" என்று கேட்டார். எனக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. பக்கத்து வீட்டு மீனவத் தம்பியிடம் ஓடிப்போய் உயிர்காப்பு அங்கிகள் வாங்கிவந்தேன். அவனையும் துணைக்கு வரச்சொன்னேன். மறுநாள் புறப்படும் நேரம் ராத்தா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். "நானும் வாறன்" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

லுஹருக்குப் பின் இறக்கினோம். மெல்லிய கச்சான். கரையை ஒட்டியே ஓடினோம். ராத்தா அணியத்துக்கு முதுகு காட்டி, இரு கைகளாலும் இரு பிள்ளைகளின் அங்கிப் பட்டிகளையும் பிடித்தபடி இருந்தார். நங்கூரம் விழுந்து கயிறு இறுகியதும்தான் கைகளைத் தளர்த்தினார்.

என் மனைவிக்குக் கடல் ஒவ்வாது. ஆனால் அவள் கட்டித் தந்த சோறு எட்டுப் பேருக்கும் மிஞ்சியது. இறால் பொரியல், மாசிச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. தோணியின் நடுவில் சஹனை வைத்து வட்டமாக இருந்து சாப்பிட்டோம். அஸருக்கு மச்சான் கடல் நீரிலேயே வுழூ எடுத்து, கிப்லா பார்த்து இருந்தபடி தொழத் தொடங்கினார். அவர் ஸலாம் கொடுப்பதற்குள் தோணி காற்றோடு சுற்றி அவரைத் திருகோணமலைப் பக்கம் திருப்பிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரியாதீங்க, அல்லாஹ்வுக்குத் தெரியும் நான் எங்க பார்த்து இருந்தன் எண்டு" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ராத்தாவின் முகம் கொஞ்சம் இளகியதைக் கண்டேன்.

பிள்ளைகள் கதை கேட்டார்கள். வரலாறு படிப்பிப்பவனுக்கு வேறென்ன கதை தெரியும்? ரொபர்ட் நொக்ஸின் கதையைச் சொன்னேன். 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலேயக் கப்பலொன்று, புது மரம் தேடி இதே குடாவுக்குள் வந்து நங்கூரமிட்டது. கப்பல் தலைவரும் அவருடைய மகனும் ஒரே பெயருடையவர்கள். அடுத்த வருடம் கண்டியரசனின் ஆட்கள் வந்து, நண்பர்கள் போலப் பேசி அவர்களைக் கரைக்கு அழைத்தார்கள். தந்தையை ஒரு புளிய மரத்தடியில் வைத்துப் பிடித்தார்கள். மகனும் அகப்பட்டான். தந்தை மறுவருடம் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பி, 1681இல் இந்தத் தீவைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினான்.

"விருந்துக்குக் கூப்பிட்டுப் புடிச்சிட்டாங்களா?" என்றாள் மூத்தவள்.

"ஓம் மகள்."

அதைச் சொல்லும்போதே எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. நானும் ஒரு பிள்ளையை ஆசை காட்டிக் கரைக்கு அழைத்தவன்தான். இது ஊருக்குத் தெரியாத காரணம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிலிருந்து அந்த டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் சின்னவளிடம், "நாளைக்குக் காலையில தோணியில கூட்டிப் போறன், கரைக்கு வா" என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு ஸுபஹைத் தொழுதுவிட்டு மீண்டும் படுத்துவிட்டேன். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் போய்த் தோணிக்குப் பக்கத்தில் காத்திருந்திருக்கிறாள். இருபது வருடமாக இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வாப்பாவிடமும் சொல்லவில்லை. தோணியை விற்காமல் வைத்திருப்பது வாப்பாவின் நினைவுக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல.

மஃரிபுக்குச் சற்று முன் மருமகனும் மீனவத் தம்பியும் பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் கண்ணயர்ந்திருந்தார். நான் போத்தலிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றி ராத்தாவிடம் நீட்டினேன். நீட்டியபடியே சொன்னேன். எப்படித் தொடங்கினேன், எந்தச் சொற்களில் சொன்னேன் என்பது நினைவில்லை. சொல்லி முடித்தபோது கோப்பையில் பாதி என் கையிலேயே சிந்தியிருந்தது.

ராத்தா கோப்பையை வாங்கிக்கொண்டார். கங்கை வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "ராவே சொன்னாள். மாமா தோணியில கூட்டிப் போறாராம் எண்டு புதுச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் படுத்தாள். கழட்டச் சொன்னன், கேக்கல்ல."

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்படியானால் இருபது வருடமும், கந்தளாயில் எனக்குப் பாய் விரித்துத் தந்த அந்த இரவுகளிலும், அவருக்கு இது தெரியும். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உன்னில் பிழையில்லை என்றும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துச் சொன்னேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எதிர்பார்த்திருப்பேன்.

"சீனி காணாது" என்று கோப்பையைத் திருப்பித் தந்தார். நான் சீனி போட்டுக் கொடுத்தேன்.

மூதூர்ப் பள்ளியிலிருந்து பாங்கோசை தண்ணீர் மேல் மிதந்து வந்தது. ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, அத்தனை வருடங்களுக்குப் பின் முதற்தடவையாகக் கடல் நீரைக் கையில் அள்ளினார். சற்று நேரம் அதை அப்படியே உள்ளங்கையில் வைத்திருந்தார். பின் வுழூ எடுத்தார்.

தொழுகை முடிந்ததும் நங்கூரத்தைத் தூக்கினோம். திரும்புகையில் கச்சான் ஓய்ந்துவிட்டதால், நானும் மருமகனும் தண்டு வலித்தோம். தண்டு பட்ட இடமெல்லாம் தண்ணீர் மின்மினி போல மின்ன, பிள்ளைகள் கைகளை விட்டு அளைந்தார்கள். ராத்தா பட்டியைப் பிடித்திருந்தாரே தவிரத் தடுக்கவில்லை.

மூன்று நாள் என்று வந்தவர்கள் ஐந்து நாள் இருந்தார்கள். புறப்பட்ட அன்று பஸ் ஏறுமுன் ராத்தா என்னைத் தனியே கூப்பிட்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தம்பி, அந்த நங்கூரக் கயிறு இத்துப் போய்க் கிடக்கு. நான் தொட்டுப் பார்த்தன். புள்ளைகள் திரும்பவும் வரணும் எண்டு நிக்குதுகள். அதுக்கு முதல் மாத்து."

மறுநாளே திருகோணமலைக்குப் போய் இருபது பாகம் புதுக் கயிறு வாங்கிவந்தேன்.